வீட்டிலிருந்து வேலை: வி.பி.என். இருந்தும் திறந்து கிடக்கும் கதவுகள்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதியின் சாப்பாட்டு அறையில், ஃபிரிட்ஜ் கதவில் வைஃபை பாஸ்வேர்டு எழுதிய தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது ஒட்டப்பட்ட பிறகு எத்தனை பேர் அறையைக் காலி செய்து போனார்கள் என்பது விடுதிக்காரருக்கே தெரியாது. அதே இணைப்பில் வங்கி மென்பொருள் வேலையைச் செய்துகொண்டிருந்த மதுரைத் தம்பியிடம் கேட்டபோது, "கம்பெனி வி.பி.என். கொடுத்திருக்கிறதே, சார்" என்றார்.

இதுவே முதல் தவறு. மடிக்கணினியிலிருந்து நிறுவனத்தின் வாசல்வரை தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து கொண்டுசேர்ப்பதுதான் வி.பி.என்.-இன் வேலை, கணினிக்குள் ஏற்கெனவே ஒரு திருட்டு நிரல் குடியேறியிருந்தால், அதையும் அதே பாதுகாப்போடு உள்ளே அழைத்துச் சென்றுவிடும்.

2022-இல் பாஸ்வேர்டுகளைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஊடக மென்பொருளின் ஓட்டை வழியாகத் தாக்குநர் நுழைந்து, விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் நிரலை வைத்து, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைக் கைப்பற்றினார்; வாடிக்கையாளர்களின் காப்புப் பிரதிகள்வரை களவுபோயின. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020-லேயே வெளிவந்திருந்தது என்பதுதான் வேதனை. பொழுதுபோக்குக் கணினியையும் அலுவலகக் கணினியையும் ஒன்றாக்குவதும், அப்டேட் அறிவிப்பை 'நாளைக்கு' என்று தள்ளுவதும், பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு அலுவலக மடிக்கணினியைத் தூக்கிக் கொடுப்பதும் ஒரே தவறின் மூன்று முகங்கள்.

வீட்டு ரவுட்டரைப் பொருத்தியவர் வைத்துவிட்டுப்போன நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். ரவுட்டர் அமைப்பில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, விருந்தினருக்கும் டி.வி.க்கும் தனி இணைப்பு ஒதுக்கலாம். பி.ஜி.யில் இருப்பவருக்கு ரவுட்டர் கைவசம் இல்லை என்பதால், அவர் தம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவதே மேல்.

பாஸ்வேர்டோடு கைப்பேசியிலும் அனுமதி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் கவலையில்லை என்று எண்ணுவதும் பிழை. 2022 செப்டம்பரில் ஊபரின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுமதிக் கோரிக்கைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன; முதலில் மறுத்தவர் ஒருகட்டத்தில் ஒன்றை ஏற்றுக்கொள்ள, தாக்குநர் உள்ளே வந்துவிட்டார். நாம் உள்நுழையாதபோது வரும் கோரிக்கை எதுவானாலும், நம் பாஸ்வேர்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் முறைக்கு நிறுவனங்கள் மாறுவது இந்தச் சலிப்புத் தாக்குதலைப் பெருமளவு தடுக்கும்.

நிறுவனங்களின் பக்கம் நான் பெரிதாகக் கருதுவது விலகிப்போனவர்களின் கணக்கை மூடாமல் விடுவது. 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனை முடக்கிய தாக்குதலில் தாக்குநர்கள் உள்ளே நுழைந்தது, புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியாகத்தான், அதற்கு இரட்டைச் சரிபார்ப்பும் இருக்கவில்லை. ஆண்டுக்கொரு வேலை மாறுவது சாதாரணமாகிவிட்ட பெங்களூரில், கடைசி வேலைநாளன்று மடிக்கணினியைத் திரும்ப வாங்கும் அக்கறையோடு கணக்கையும் முடக்குகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். (மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் நினைவூட்டல் மட்டும் தவறாமல் வந்துவிடும், அது பெரும்பாலும் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவதில்தான் முடிகிறது.)

வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஆம்னி பஸ் ஏறுகிறவர்களின் பைகளில் எத்தனையோ அலுவலகக் கணினிகள் ஊருக்குப் பயணமாகின்றன. அவற்றின் வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் களவுபோவது கருவி மட்டுமே. ஆனால் தொலைத்தவர் திட்டுக்கு அஞ்சித் திங்கட்கிழமைவரை வாய்திறக்காமல் இருந்தால் அந்த இரண்டு நாளும் திருடனுக்குப் போய்விடும். சைபர் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஊழியர் நள்ளிரவிலும் தயங்காமல் அழைக்க ஒரு எண்ணும், அழைத்தவரைத் தண்டிக்காத வழக்கமும் இல்லாத இடத்தில் அந்தக் கெடுவைக் காப்பாற்ற வழியே இல்லை. பணமும் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.