சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறீர்களா?

மலேசியாவில், சுங்கைப்பட்டாணி பக்கம் தோட்டத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அலவன்ஸை விடுங்கள், அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். மாதச் சம்பளத்தை 26 நாளால், அப்புறம் 8 மணியால் வகுத்தால் ஒரு மணிக் கூலி. சாதாரண நாளில் கூடுதல் நேர வேலைக்கு (ஓ.டி.) அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படையில் 100 வெள்ளி (ரிங்கிட்) ஏறினால் ஓ.டி. மணிக்குச் சுமார் 72 காசு கூடும். இபிஎஃப் என்கிற சேமநிதியும் ஏறும்.

“வீட்டுச் செலவு தாங்கல, பாஸ்” என்று ஆரம்பிக்காதீர்கள். (நான் ஆரம்பித்தேன். ஒரு தலையாட்டல்தான் கிடைத்தது.) எத்தனை மிஷின் ஓட்டத் தெரியும், எத்தனை புது ஆட்களுக்குப் பழக்கிவிட்டீர்கள், ரிஜெக்ட் ஆகிற பொருள் எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. நேற்றுச் சேர்ந்தவரைவிட உங்களுக்கு எவ்வளவு அதிகம் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.