பெரிய பேட்டரியா, வயர்லெஸ் சார்ஜிங்கா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது போன் வாங்குகிறவர்கள் பெரிய பேட்டரி, வயர்லெஸ் சார்ஜிங் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திணறுகிறார்கள். வாங்கிய பிறகு, எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், ஒரே மாதிரியாக அதைக் கெடுக்கிறார்கள். கிழிந்த கேபிள், ஈரமான சார்ஜிங் துளை போன்றவை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எம்ஏஎச் எண்ணோடு நின்றுவிடுவது

எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி தாங்கும் மின்னூட்டத்தைத்தான் சொல்கிறது. அதில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதைச் சொல்வது வாட் மணி. எம்ஏஎச்சை வோல்டேஜால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். 5,000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 19.25 வாட் மணி.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. லித்தியம் பேட்டரிகளை அனுப்பும் சர்வதேச விதிகளில் ஒரு செல்லுக்கு (பேட்டரிக்குள் இருக்கும் தனி அலகு) 20 வாட் மணி என்று ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் அபாயப் பொருளுக்கான கூடுதல் நடைமுறைகள் வந்து சேரும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் 6,000 எம்ஏஎச்சை இரண்டு செல்லாகப் பிரிக்கிறார்கள். சிலர் அதே மாடலைச் சில நாடுகளில் சிறிய பேட்டரியோடு விற்கிறார்கள். வேறொரு நாட்டுப் பதிப்பின் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் ஏராளம். கையில் வரப்போகும் பதிப்பின் எண்ணைப் பாருங்கள்.

ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று நினைப்பது

வயர்லெஸ் சார்ஜிங்குக்காகப் போனுக்குள் போவது ஒரு செம்புச் சுருளும் அதன் பின்னால் ஒரு ஃபெரைட் தகடும்தான். இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பேட்டரிப் பக்கமும் நிலைமை மாறிவிட்டது. பேட்டரியின் எதிர்மின்முனையில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட், ஒரு கிராமுக்குச் சுமார் 372 எம்ஏஎச் தாங்கும். சிலிக்கான் கோட்பாட்டளவில் 3,600 வரை. ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் பல மடங்கு உப்பும் என்பதால் கார்பனோடு கலந்து ஓரளவுதான் சேர்க்கிறார்கள். அந்த அளவே போனைத் தடிமனாக்காமல் கொள்ளளவைக் கூட்டிவிடுகிறது. 2024-இல் வந்த ஒன்பிளஸ் 13-இல் 6,000 எம்ஏஎச் பேட்டரியும் 50 வாட் வயர்லெஸ்ஸும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த 50 வாட் அதற்கென்று தனியாக விற்கும் பேடில்தான் (போனை மேலே வைத்து சார்ஜ் ஏற்றும் தட்டு) வரும். க்யூஐ என்ற பொதுவான வயர்லெஸ் சார்ஜிங் தரநிலையில் வரும் பேடில் எதிர்பார்க்க வேண்டாம்.

இருட்டில் தோராயமாக வைத்துவிட்டுத் தூங்குவது

பேட்டரிகளை அதிகம் கொல்வது இந்தத் தவறுதான். எத்தனை முறை சொன்னாலும் இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது.

தடிமனான கவரோடு போன் பேடில் கிடக்கும். பேடின் சுருளும் போனின் சுருளும் சில மில்லிமீட்டர் விலகியிருக்கும். திரையில் சார்ஜ் ஏறும் குறி தெரியும். அதைப் பார்த்ததும் திருப்தியாகப் படுத்துவிடுவார்கள். காலையில் 100 சதவீதம். ஆனால் எடுக்கும்போது போனின் முதுகு கதகதவென்று இருக்கும். ஓராண்டு கழித்து, "பேட்டரி நிற்கவே மாட்டேங்குது, இன்னும் பெரிசா வாங்கணும்" என்பார்கள். 7,000 எம்ஏஎச் போன் வரும். அதே பேட், அதே இடம்.

உள்ளே நடப்பது இதுதான். அடாப்டருக்கும் பேடுக்கும் நடுவே ஒரு யூஎஸ்பி மீட்டரை (ஓடும் மின்சாரத்தை அளந்து காட்டும் சிறு கருவி) செருகுங்கள். போனில் சார்ஜிங் கரண்டைக் காட்டும் ஓர் ஆப்பைத் திறந்துவையுங்கள். மீட்டரில் 10 வாட் ஓடும்போது ஆப்பில் 4 வோல்ட்டும் 1.2 ஆம்பியரும் தெரிந்தால், பேட்டரிக்குள் போவது 4.8 வாட். திரையும் போனும் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு போக, மீதி முழுக்கச் சூடு. அதில் கணிசமான பகுதி போனின் முதுகில், பேட்டரிக்கு ஒட்டியே உண்டாகிறது. கவர் அந்தச் சூட்டை வெளியே விடாது.

இதே வேகத்தில் 5,000 எம்ஏஎச் நிரம்ப நான்கு மணி நேரம். 7,000 எம்ஏஎச்சில் இருப்பது சுமார் 27 வாட் மணி. அதற்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். பேட்டரி பெரிதாகப் பெரிதாக, சூட்டில் கிடக்கும் நேரமும் கூடுகிறது. நிரம்பிய பின் நிலைமை இன்னும் மோசம். 100 சதவீதத்தில் செல்லின் வோல்டேஜ் 4.4-ஐ ஒட்டி நிற்கும். அந்த வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சிதைந்து மின்முனைகளின்மேல் படலமாகப் படியும்; சில சமயம் வாயு உண்டாகிப் பேட்டரி உப்பும். பின்பக்கக் கண்ணாடி ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் அது பசை விட்டதாக மட்டும் இருக்காது. அந்தப் போனை உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடாதீர்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். சார்ஜ் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போது செய்யுங்கள்; 80-ஐத் தாண்டினால் கரண்ட் தானாகவே குறையும், ஒப்பிட முடியாது. கவரைக் கழற்றுங்கள், ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், திரையின் ஒளியை ஒரே அளவில் வையுங்கள். போனை ஐந்து மில்லிமீட்டர் நகர்த்தி, ஒரு நிமிடம் காத்திருந்து, ஆப்பின் கரண்டையும் மீட்டரின் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் அதிகம் காட்டும் இடம்தான் நல்ல இடம் என்று முடிவு கட்டாதீர்கள். விலகிய நிலையில் பேட் கூடுதலாக இழுத்துக் குறைவாகத் தருவதும் உண்டு. மீட்டரின் வாட்டோடு ஒப்பிட்டால் போனுக்குள் போகும் பங்கு எங்கே அதிகமோ அதுவே சரியான இடம். அங்கே போனின் விளிம்பை ஒட்டிப் பேடில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படும்.

கூடவே போனின் செட்டிங்கில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வரம்பையும் போட்டுவையுங்கள். ஆப்பில் பேட்டரிச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் எடுத்துவிடுங்கள். பெரிய பேட்டரி போனுக்கு என் பரிந்துரை: முக்கியமான சார்ஜ் கேபிளில், பேட், பகலில் அவ்வப்போது கொஞ்சம் ஏற்றிக்கொள்ள.

பழைய அடாப்டரைப் பேடில் செருகுவது

பேடின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 15 வாட் பேட்கள் பெரும்பாலும் 9 வோல்ட் கேட்கும். 2 அல்லது 2.22 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதற்கு 20 வாட் யூஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) அடாப்டர் வேண்டும். 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் சுவரிலிருந்தே 5 வாட்தான் வருகிறது. அதிலும் பாதி வழியிலேயே வீணாகிவிடும்.

'க்யூஐ2 ரெடி' என்றால் காந்தம் உள்ளே இருக்கிறது என்று நம்புவது

இருக்காது. க்யூஐயின் அடுத்த பதிப்பாக 2023-இல் வெளிவந்த க்யூஐ2-இன் பெரிய நன்மையே காந்த வளையம் சுருள்களைத் தானாக நேர்ப்படுத்துவதுதான். 'ரெடி' போன்களுக்குக் காந்தமுள்ள கவர் தனியாக வாங்க வேண்டும்.

கவருக்குள் உலோகத் தகடு

கழற்றுங்கள்.

கவருக்குள் ஏடிஎம் கார்டு

காந்தப் பட்டையும் சிப்பும் கெடலாம்.

பவர் பேங்கின் எண்ணை அப்படியே நம்புவது

10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட் மணி. கேபிளில் 5,000 எம்ஏஎச் போனை ஏறத்தாழ ஒன்றரை முறை நிரப்பும். முதுகில் ஒட்டும் வயர்லெஸ் வகையில் ஒரு முறை நிரம்பினாலே நல்லது.

சைக்கிள் தீர்ந்துவிடும் என்று பயப்படுவது

பேடில் பத்து முறை வைத்தால் பத்து சைக்கிள் போய்விடாது. மொத்தம் 100 சதவீத அளவு செலவானால்தான் ஒன்று. ஐபோன் 15 முதல், 1,000 சைக்கிளில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதி 2025 ஜூன் 20 முதல் குறைந்தது 800 சைக்கிள் கேட்கிறது. ஆப்பிளின் எண் உகந்த சூழலுக்கானது; தினமும் சூடேறும் பேட்டரிக்கு அது பொருந்தாது.

காரில் மேப்பும் பேடும் ஒன்றாக

வெயில் கண்ணாடி வழியே, திரை முழு ஒளியில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே, அடியில் பேட். நான்கு பக்கமும் சூடு ஏறும்போது போன் சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். ஒரு மணி நேரப் பயணத்தில் சில சதவீதம்கூட ஏறாது. இங்கே கேபிள் போடுங்கள். ஏசி காற்று போனின் முதுகில் படும் இடத்தில் ஹோல்டரை மாட்டுங்கள்.