அனோவா அட்டவணையில் டிஎஃப் 1 வந்தால்

விரிவுரை, குழு விவாதம், செயல்வழிக் கற்றல் என மூன்று கற்பித்தல் முறைகள். முறைக்கு 30 மாணவர்கள். சராசரி மதிப்பெண்ணில் குழு விவாதம் தெளிவாக மேலே, மற்ற இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அனோவா (குழுச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் பி மதிப்பு 0.05-க்கு வெகு மேலே நின்றது, அதாவது வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல என்றது.

விலகிய மதிப்பெண்களைத் தேடினேன், இல்லை. பெட்டி வரைபடத்தில் பரவலும் சீராகவே இருந்தது. எச்சங்களின் (உண்மை மதிப்பெண்ணுக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களின்) இயல்நிலைப் பரவலிலும் குறையில்லை. குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் டூக்கி சோதனை மட்டும், காரணி (வகைமாறி) எதுவும் இல்லை என்று பிழை காட்டி நின்றது. அதுதான் துப்பு.

அனோவா அட்டவணையின் டிஎஃப் (கட்டின்மைப் படிகளின் எண்ணிக்கை) நிரலைப் பார்த்தேன். மூன்று குழுக்கள், 90 மாணவர்கள் என்றால் குழுவுக்கு 2 (3-1), பிழைக்கு 87 (90-3) என்று வர வேண்டும். வந்திருந்தது 1, 88. கோப்பில் முறைகள் 1, 2, 3 என்று குறியிடப்பட்டிருந்தன. மென்பொருள் அவற்றை அளவுகளாகவே கொண்டு நேர்கோடு பொருத்திவிட்டது. நடுக்குழுவான 2 மட்டும் உயர்ந்திருந்தால் கோடு கிடையாகப் படுத்துவிடும். வேறுபாடு முழுவதும் பிழைப் பகுதிக்குள், அதாவது விளக்கப்படாத மிச்சத்துக்குள், போய்விடும்.

ஃபேக்டர் கட்டளையால் அந்த நிரலை வகைமாறியாக்கி மறுபடி ஓட்டினேன். 2, 87 வந்தது, எஃப் மதிப்பு (குழு வேறுபாட்டைப் பிழையோடு ஒப்பிடும் விகிதம்) ஏறியது, டூக்கியும் ஓடியது. பெரிய நிம்மதி. எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளின் ஒருவழி அனோவாவில் இந்தச் சிக்கல் வராது. அது குழு எண்களை வகைகளாகவே எடுத்துக்கொள்ளும்.