ஏற்காட்டில் இரண்டு நாள்: பௌத்தம் காட்டும் மனத்தைக் கூடிப் படிக்க

பௌத்தம் மனத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு சனி ஞாயிறில் முழுக்கப் படித்துவிட முடியாது. மனத்தைக் கூறுபோட்டு ஆராயும் பௌத்த நூல் தொகுதியான அபிதம்மத்தில் சித்தத்தின், அதாவது அறியும் மனத்தின், வகை மட்டும் 89, அதோடு சேர்ந்து எழும் மனக்கூறுகளான சேதசிகங்கள் 52. ஆகவே ஒரே ஒரு இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எப்படி வருகிறது என்று பௌத்தம் காட்டும் சங்கிலியின் கண்ணிகளுக்கு நிதானங்கள் என்று பெயர். அந்தப் பன்னிரண்டில் நுகர்வு வேட்கையாக, அதாவது இன்னும் வேண்டும் என்ற தவிப்பாக, மாறும் இடம்தான் நான் எப்போதும் எடுப்பது. சேலத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நண்பர்களோடு மேலே போய் இப்படி உட்கார்ந்து படிப்பது வழக்கம். நீங்களும் நடத்தலாம், ஆசிரியர், பிக்கு என்று யாரும் தேவையில்லை.

மே மாதம் மட்டும் வேண்டாம். கோடை விழா நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஜூன் பாதிக்கு மேல் பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்துவிடும். மாம்பழமும் கடைசி வரத்தாகக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பாடத்துக்கு அது வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஏரிக்கரை விடுதியைவிட காபித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடு நல்லது. டிவி இல்லாத ஒரு கூடம், நான்கு ஜமுக்காளம், சமைத்துப் போட ஒரு ஆள், இவ்வளவு போதும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம், ராத்திரி குளிரும்.

பாட நூலுக்கு அலைய வேண்டியதில்லை, நம் மணிமேகலையே இருக்கிறது. இருபத்தொன்பதாம் காதை அளவை வாதம், அதாவது தர்க்கம், கனமானது; இந்த முறை விட்டுவிடுங்கள். முப்பதாம் காதையில் மணிமேகலையின் குருவான அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களையும் வரிசையாகச் சொல்வார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். அந்தப் பகுதியை மட்டும் கொட்டை எழுத்தில் அச்செடுத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் மேலே போய்ச் சேர்ந்து, காபி குடித்ததும் ஆரம்பித்துவிடலாம். ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். ஊறு என்ற சொல் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். கண்ணோ காதோ தன் புலனைத் தொடுவது ஊறு. தொட்டதும் இனிப்பாகவோ கசப்பாகவோ இரண்டும் இல்லாமலோ படுவது நுகர்வு. அடுத்து வரும் இரண்டு அடிகளை மனப்பாடமே செய்யலாம்: 'வேட்கை விரும்பி நுகர்ச்சி ஆராமை, பற்றெனப் படுவது பசைஇய அறிவே.' நுகர்ந்தும் போதாமல் நிற்பது வேட்கை, அறிவு அதிலேயே ஒட்டிக்கொள்வது பற்று. மதியச் சாப்பாடு வரை ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்ற இந்த நான்குக்குள்ளேயே நில்லுங்கள். ஒவ்வொருவரும் அன்று காலையில் நடந்த ஒன்றை இந்த நான்கில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சாயங்காலம் எல்லோரையும் ஏரிப்பக்கம் பஜ்ஜிக் கடைக்குக் கூட்டிப்போங்கள். போனதும் யாரும் வாங்கக் கூடாது, பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். மிளகாய் எண்ணெயில் விழும் சத்தம் முதலில் காதில் படும். பிறகு கடலைமாவு வாசனை. நாக்கில் நீர் ஊறும், அதுவரை நுகர்வுதான். 'ரெண்டு வாங்கினா என்ன?' என்று உள்ளே ஒரு குரல் எழும் பாருங்கள், அங்கேதான் வேட்கை. 'எனக்கு முன்னாடி அவர் வாங்கிட்டாரே' என்று சுருக்கென்றால் பற்று வந்தாயிற்று. பத்து நிமிடம் கழித்து வாங்கிச் சாப்பிடுங்கள், தவறே இல்லை. மறுப்பது நம் வேலையில்லை, பார்ப்பதுதான் வேலை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். எங்கள் கூட்டத்தில் தினமும் தேவாரம் ஓதுகிற ஒரு பெரியவர், "டீச்சர், அப்ப பார்க்கிறது யாருங்க? ஆன்மா இல்லைங்கறீங்களா?" என்று கேட்டார். வாக்குவாதமாக்கிவிடாதீர்கள். புத்தரின் உரைகளைத் தொகுத்த சங்யுத்த நிகாயத்தில் மோலிய பக்குனர் என்ற பிக்கு, நுகர்பவர் யார் என்று புத்தரிடமே கேட்கிறார். அந்தக் கேள்வி பொருந்தாது, எதைச் சார்ந்து நுகர்வு வருகிறது என்று கேள் என்கிறார் புத்தர். ஊறைச் சார்ந்து என்பது பதில். இதைப் படித்துக் காட்டி, இரண்டு நாளைக்கு மட்டும் 'யார்' என்பதை ஒதுக்கிவைத்து 'எதனால்' என்று கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். பெரியவர் ஒத்துக்கொண்டார். தன் நம்பிக்கையை யாரும் கைவிட வேண்டியதில்லை.

ஞாயிறு காலை அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். முழங்கால் வலி தானாகவே பாடம் நடத்தும். அதைவிட, வலியும் இல்லாமல் சுகமும் இல்லாமல் இருக்கும் மூன்றாவது நுகர்வைக் கவனிக்கச் சொல்லுங்கள். நாளின் பெரும்பகுதி அதில்தான் போகிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

அப்புறம் மாம்பழம். அபிதம்ம உரையில் வரும் உவமை இது. மாமரத்தடியில் ஒருவன் தூங்குகிறான். பழம் ஒன்று விழுகிறது. விழித்து, பார்த்து, எடுத்து, அமுக்கி, முகர்ந்து, தின்று, மறுபடி தூங்கிவிடுகிறான். ஒரு பொருள் கண்ணில் பட்டு மனம் அதை அறிந்து அடங்குவதற்குள் 17 சித்தக் கணங்கள் என்று அபிதம்மம் கணக்கிடும். அதில் தின்பதற்கு இணையானது ஜவனம், மனம் பொருளை முழு வேகத்தில் அனுபவிக்கும் கட்டம்; அது ஏழு கணம், நல்வினை தீவினை அங்கேதான் என்பார்கள். கையில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு படிப்படியாக நிதானமாகச் செய்து பாருங்கள். 17 கணம் நமக்குப் பிடிபடாது. முகர்வதற்கும் தின்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருப்பது பிடிபடும், அது போதும்.

இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயிலைப் பார்க்கலாம். அங்கே இருப்பது புத்தர் சிலை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் ஆத்தூரைத் தாண்டி தலைவாசல் பக்கம் தியாகனூரில் அமர்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலைகளுக்கும் போகலாம்.

ஆள் சேர்க்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அண்மையில் சாவு கண்டவர்கள், மனநல மருத்துவரிடம் மருந்து எடுப்பவர்கள் இருந்தால் நீண்ட நேரம் உட்காரும் பகுதியில் வற்புறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். வாசிப்புக்கும் பேச்சுக்கும் வரட்டும், உட்காரும் நேரத்தில் தோட்டத்தில் ஒரு துணையோடு நடக்கட்டும்.