அடிக்கடி மயங்கி விழுகிறவர்களும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண மயக்கத்தில் மயக்கத்தைவிட, விழும்போது படுகிற அடிதான் ஆபத்து. சூடு, வலி, பயம், ரத்தத்தைப் பார்ப்பது, நெடுநேரம் நின்றுகொண்டே இருப்பது என்று ஏதோ ஒன்று, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டிவிடுகிறது. இதயத் துடிப்பு குறைகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால்களிலேயே தங்கிவிடுகிறது. மூளைக்குப் பத்து விநாடி அளவுக்கு ரத்தம் போகவில்லை என்றாலே நினைவு தப்பிவிடும். ஆள் தரையில் சாய்ந்ததும் ரத்தம் தலைக்கு எளிதாகப் போய்ச் சேரும். பெரும்பாலும் அரை நிமிடத்தில், மிஞ்சிப்போனால் ஓரிரு நிமிடத்தில் கண் விழித்துவிடுவார்கள்.

அதாவது, படுப்பதுதான் மருந்து. நாம் செய்யும் தவறுகளில் பாதி, படுக்காமல் இருக்க முயல்வதால் வருபவை.

பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது

பலருக்கு மயக்கம் சொல்லிவிட்டுத்தான் வரும். உடம்பு குப்பென்று சூடாகும், வியர்க்கும், குமட்டும், கொட்டாவி வரும். காது அடைத்ததுபோல் இருக்கும். பார்வையின் ஓரங்கள் இருட்டிக்கொண்டு வரும். அந்தச் சில விநாடிகளில் என்ன செய்கிறோம்? "ஒண்ணுமில்லை, சரியாகிவிடும்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நாலு பேர் பார்க்கத் தரையில் படுப்பதா என்ற கூச்சம்தான் காரணம். கூச்சப்படாமல் படுத்துவிடுங்கள், முடிந்தால் காலைத் தூக்கி எதன் மீதாவது வையுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது நல்லது. படுக்க இடமே இல்லையென்றால் காலைக் குறுக்காகப் போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். அல்லது இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிர்த் திசையில் இழுங்கள். இது ரத்த அழுத்தத்தைச் சற்று ஏற்றிக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தை உட்காரவோ படுக்கவோ இடம் தேடத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று, குமட்டுகிறதே என்று எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வது. கெட்டியான தரை, கூர்மையான விளிம்புகள், உள்ளே தாழ். விழுவதற்கு வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். அடிக்கடி மயக்கம் வருகிறவர் இருக்கும் வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழும் ஆண்கள் நின்றபடியே மயங்குவது உண்டு. உட்கார்ந்து போனால் போதும், அந்த ஆபத்து பெருமளவு குறையும். கையில் குழந்தை இருந்தால் தொட்டிலைத் தேடி நடக்காதீர்கள், குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

விழித்ததும் எழுந்துவிடுவது

கண் விழித்தவுடன் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுந்து நிற்பவர் மறுபடியும் விழுவார். முதல் முறை தப்பிய தலை இரண்டாம் முறை அடிபடும். பத்து நிமிடமாவது படுத்திருங்கள். அப்புறம் உட்கார்ந்து பாருங்கள், சரியாக இருந்தால் மட்டும் எழுந்திருங்கள்.

சுற்றி நிற்பவர்கள் செய்வது

மயங்கியவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் முதல் தவறு. அன்பால் செய்வதுதான், ஆனால் தலைக்கு ரத்தம் போவதை அது தடுக்கிறது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ போட்டால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கன்னத்தில் அறைவதாலும் உலுக்குவதாலும் ஒரு பயனும் இல்லை.

கை கால் இரண்டு முறை உதறினால் உடனே வலிப்பு என்று முடிவுகட்டுவதும் உண்டு. 1994-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயங்க வைத்துப் படம் பிடித்தார்கள். முழுதாக நினைவிழந்தவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சில விநாடிகள் உடல் உதறியது. பலருக்குக் கண் திறந்தேதான் இருந்தது. இந்தக் கண் விஷயத்தை நினைவில் வையுங்கள், குழந்தைகளிடம் பேசும்போது தேவைப்படும். உதறல் நிமிடக்கணக்கில் நீடிப்பது, நாக்கின் பக்கவாட்டில் கடிபடுவது, விழித்த பிறகும் வெகுநேரம் குழப்பத்தில் இருப்பது ஆகியவைதான் வலிப்பைச் சந்தேகிக்க வைப்பவை.

எல்லாவற்றையும் 'வெறும் பலவீனம்' என்று ஒதுக்குவது

ஓடும்போதோ உடற்பயிற்சியின்போதோ மயங்குவது, படுத்திருக்கும்போதே நினைவு தப்புவது, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் சாய்வது, அதற்கு முன் நெஞ்சு வலியோ படபடப்போ இருப்பது, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். ஈசிஜி எடுக்காமல் விடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் எழுந்து நின்றதும் தள்ளாடினால், படுத்தும் நின்றும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் மாத்திரையை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டி வரலாம். நாமாக நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுகிறவருக்கு மயக்கம் வந்தால் ரத்தச் சர்க்கரையை உடனே பார்க்க வேண்டும். காரணம் தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

குழந்தையிடம் மறைப்பது

"சின்னப் பிள்ளை, பயந்துவிடும்" என்பார்கள். சொல்லாவிட்டால்தான் பயம் அதிகம். எதுவும் தெரியாத நாலு வயதுக் குழந்தை, கண் திறந்தபடி அசையாமல் கிடக்கும் அம்மாவைப் பார்த்தால் என்ன நினைக்கும்? முன்பே இவ்வளவு சொன்னால் போதும்: "அம்மாவுக்குச் சில நேரம் மயக்கம் வரும். கீழே படுத்துவிடுவேன். கண் திறந்திருக்கலாம், கை கொஞ்சம் ஆடலாம். பொதுவாகக் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவேன். நீ பெரியவர் ஒருவரைக் கூப்பிட வேண்டும்." நரம்பு, ரத்த அழுத்தம் எல்லாம் அதற்கு வேண்டாம். "நீ பண்ணின சேட்டையால் வருவதில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் குழந்தை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

வயதுக்கு மீறிச் சுமத்துவது

"மயக்கம் எவ்வளவு மோசம் என்று பார்த்து, தேவைப்பட்டால் கூப்பிடு" என்று சொல்வது பெரியவர்களுக்கே குழப்பமான வேலை. குழந்தையிடம் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அம்மா எழுந்து பேசவில்லையா, கூப்பிடு, அவ்வளவுதான். தப்பாகக் கூப்பிட்டாலும் யாரும் திட்டமாட்டார்கள் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

மூன்று நாலு வயதில் ஒரே வேலை போதும்: கைபேசியில் அப்பா அல்லது பாட்டியின் படத்தைத் தொடுவது, இல்லையென்றால் கதவைத் திறந்து பக்கத்து வீட்டில் சொல்வது. வாசல் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்தாறு வயதில் அவசர எண்ணை அழைத்துப் பேசலாம். எட்டு ஒன்பது வயதில், மூச்சு விடுகிறாரா என்று நெஞ்சைப் பார்க்கவும், மூச்சு இருந்து விழிக்காவிட்டால் பக்கவாட்டில் திருப்பிவிடவும் சொல்லித்தரலாம். ஆனால் பெரியவரின் உடம்பைத் திருப்ப முடியவில்லை என்று குழந்தை பிறகு அழக் கூடாது. "முடிந்தால் செய்" என்றே சொல்லுங்கள். 12 வயதிலிருந்து பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் நெஞ்சழுத்தப் பயிற்சி (சிபிஆர், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காப்பது) தர வேண்டும் என்ற பரிந்துரையை 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்திருக்கிறது. விட்டுவிட்டுக் கேட்கும் கரகரத்த மூச்சு மூச்சே இல்லை என்பதையும், அப்போது நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதையும் அந்த வயதுப் பிள்ளைகள் தாராளமாகக் கற்றுக்கொள்வார்கள்.

எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது

என் மகளோடு நடத்திய ஒத்திகை இது. நான் ஆம்புலன்ஸ் ஆபீஸ், அவள் கையில் அணைத்த போன்.

"எங்கே இருக்கீங்க?"

"வீட்டில்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"அம்மாவுக்கு."

"அம்மா பேர் என்ன?"

"அம்மா."

அவள் சொன்னதில் எதுவும் பொய்யில்லை, ஆனால் வண்டி வந்து சேராது. எண்ணோடு சேர்த்துக் குழந்தைக்குத் தெரிய வேண்டியவை: பெற்றோரின் முழுப்பெயர், தெருவும் வீட்டு எண்ணும், எத்தனையாவது மாடி. முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் மனப்பாடம் கைவிட்டுவிடும். "அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதே, ஸ்பீக்கரில் போடு" என்பதும் பாடத்தில் சேரட்டும். அடுத்து என்ன செய்வது என்பதை மறுமுனையில் இருப்பவர் சொல்லிக்கொண்டே வருவார்.

பூட்டிய திரையிலேயே அவசர அழைப்புக்கு ஒரு பொத்தான் பெரும்பாலான போன்களில் இருக்கிறது. உங்கள் போனில் அது எங்கே இருக்கிறது என்று குழந்தையின் விரலாலேயே தொட்டுக் காட்டுங்கள், அழைப்பு போய்விடாமல். சார்ஜ் தீர்ந்த போன் இந்தப் பயிற்சி எல்லாவற்றையும் வீணாக்கும்.

திடீரென்று விழுந்து சோதிப்பது

சிலர் குழந்தை என்ன செய்கிறது பார்ப்போம் என்று சொல்லாமல் கொள்ளாமல் மயங்குவதுபோல் நடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பயந்த குழந்தை எதையும் கற்காது. அது நடிப்பு என்று தெரிந்த பிறகு நிஜமாக விழும்போதும் நடிப்பு என்றே நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். "இப்போது ஒத்திகை" என்று அறிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

நடந்து முடிந்த பிறகு

"நீ மட்டும் இல்லாவிட்டால் அம்மா செத்திருப்பேன்" என்று குழந்தையைக் கட்டிக்கொள்வது பாராட்டுபோலத்தான் இருக்கும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகத் தயங்கும், நீங்கள் குளிக்கப் போனால் கதவருகே காத்து நிற்கும். செய்ததை மட்டும் சொல்லிப் பாராட்டுங்கள்: "பாட்டியைக் கூப்பிட்டாய், கதவைத் திறந்து வைத்தாய், ரொம்ப நல்லது." என்ன பார்த்தாய், எது பயமாக இருந்தது என்று கேளுங்கள். வேண்டுமானால் படமாக வரையட்டும். அம்மாவைக் கவனித்துக்கொள்வது பெரியவர்களின் வேலை, உன் வேலை கூப்பிடுவது மட்டும்தான் என்று மறுபடியும் சொல்லுங்கள். வீடு மாறினாலோ போன் மாற்றினாலோ சுவரில் ஒட்டிய தாளையும் அன்றே மாற்றி, ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.