பூனைக்காலி பறிக்கப் போகிறீர்களா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஒரு பூனைக்காலிக் கொடி படர்ந்திருக்கிறது. விதை போட்டது மாமியார். முதல் வருஷம் நல்ல வெயில் நேரத்தில் வெறுங்கையோடு காய் பறித்தேன். காற்று வேறு அடித்தது. அரைமணி நேரத்தில் முழங்கை வரை நெருப்பு. துண்டால் தேய்த்துத் துடைத்தேன், இன்னும் மோசமானது.

காய்மேல் இருக்கும் பழுப்பு ரோமம் காய்ந்தால் சட்டென்று உதிர்ந்து பறக்கும். அதனால் இரவு மழை பெய்த மறுநாள் காலை, காய் நனைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு, கண்ணாடி. கழுத்தையும் மூடுங்கள், நான் மறந்து பட்டிருக்கிறேன். கொத்தாகக் கத்தரித்து நேராகத் தண்ணீர் வாளியில் போட்டு, ஈரத்தோடேயே பிரித்து விதை எடுங்கள்.

மீறிப் பட்டுவிட்டதா? சொறியவே கூடாது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள், ரோமம் அதோடு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவலாம். ரோமத்தில் மியூகுனெயின் என்ற நொதி இருக்கிறது. அது கிளப்பும் அரிப்பு, அலர்ஜியின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் வழியாக வருவதில்லை, அதனால் வழக்கமான அலர்ஜி மாத்திரை பெரிதாகக் கேட்காது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

பெயர்க் கதை எனக்குப் பிடித்தது. வடமொழியில் கபிகச்சு: கபி குரங்கு, கச்சு அரிப்பு. தாவரவியல் பெயர் முகுனா புருரியென்ஸ். முகுனா பிரேசிலின் தூப்பி மொழியில் இருந்து வந்தது, புருரியென்ஸ் என்றால் லத்தீனில் அரிப்பது. ஆங்கிலேயர்கள் இந்தியின் கிவாஞ்ச் என்ற சொல்லை கௌவிட்ச் (cow-itch, மாட்டு அரிப்பு) ஆக்கி, மாட்டை இதில் இழுத்துவிட்டார்கள். நம்மவர்கள் அரிப்பைச் சொல்லவே இல்லை. நுனி மடங்கி, ரோமம் மூடிய காயைப் பார்த்துப் பூனையின் கால் என்றார்கள். தடவிப் பார்க்கச் சொல்லும் பெயர், பாருங்கள்!

விதையை அப்படியே சமைத்துவிடாதீர்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் எல்-டோபா என்ற மருந்துப்பொருள் அதில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காணிக்காரப் பழங்குடிகள்கூடப் பலமுறை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டித்தான் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அடுத்த விதைப்புக்கு மட்டும் மைலோ டின்னில் வைப்போம்.

கையுறையைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். நான் ஒருமுறை மேசை துடைக்கும் துணியின்மேல் வைத்துவிட்டேன். அன்று இரவு வீட்டில் மூன்று பேர் சொறிந்தோம்.