ஓய்வு நேர மென்பொருள்: முதல் தனித்திட்டத்தைத் தொடங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழி

நிரலெழுதத் தெரிந்தவர்களின் கணினிகளில், தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோன திட்டங்கள் பல கிடக்கும். நேரமில்லை என்பதே அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். நேரம் குறைவாக இருப்பதைவிட, அது துண்டு துண்டாகக் கிடைப்பதே பெரிய இடர் என்று நான் கருதுகிறேன். வேலையும் குடும்பமும் போக இன்று ஒரு மணி நேரம் கிடைக்கும். அடுத்த மணி நேரம் பல நாட்கள் கழித்துத்தான் வாய்க்கும். அதற்குள் எந்தச் சார்பை எதற்காக எழுதினோம் என்பதே மறந்திருக்கும். ஆகவே ஓய்வு நேரத்தில் எழுதும் மென்பொருளை, நீண்ட இடைவெளிகளைத் தாங்கும்படி முதல் நாளிலிருந்தே அமைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த நோக்கத்துக்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

விளக்கத்துக்காக ஒரே திட்டத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்கொள்வோம். நண்பர்கள் நம்மிடமிருந்து இரவல் வாங்கிச் சென்ற புத்தகங்களில் எது யாரிடம் இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் சிறு நிரல் அது. அதற்கு ‘இரவல்’ என்றே பெயரிடுவோம். பைத்தான் மொழியில் மாறி, சார்பு, நிபந்தனை, சுழற்சி ஆகியவை தெரிந்திருந்தால் இதை எழுதிவிடலாம்.

படி 1: உங்களுக்கே வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்

முதல் திட்டத்தின் பயனர் நீங்களாகவே இருப்பது நல்லது. பிறருக்காக எழுதும்போது அவர்களுக்கு என்ன தேவை என்று ஊகிக்க வேண்டும். ஊகம் சரிதானா என்று அறிய அவர்களைத் தேடிப் போகவும் வேண்டும். உங்களுக்காக எழுதும்போது, குறை எது என்பது பயன்படுத்திய மறுகணமே தெரிந்துவிடும். புதிய சமூக வலைத்தளம், எல்லாவற்றையும் செய்யும் குறிப்புச் செயலி போன்ற பெரிய எண்ணங்களை ஒரு தாளில் எழுதி இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அண்மையில் நீங்கள் கையால் திரும்பத் திரும்பச் செய்த வேலை எது, எந்தத் தகவலை மறந்துவிட்டுத் தேடினீர்கள் என்று பாருங்கள்; திட்டம் அங்கேயே கிடைக்கும்.

படி 2: எல்லையை எழுத்தில் வையுங்கள்

‘இரவல்’ செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: கொடுத்த புத்தகத்தைப் பதிவு செய்தல், திரும்பி வராதவற்றைப் பட்டியலிடுதல், வந்துசேர்ந்ததைக் குறித்தல். இதை ஒரு கோப்பில் எழுதி, அதன் கீழே செய்யப்போவதில்லை என்பவற்றையும் எழுதுங்கள்: உள்நுழைவு இல்லை, கைபேசிச் செயலி இல்லை, நினைவூட்டும் மின்னஞ்சல் இல்லை, புத்தகத்தின் அட்டைப்படம் இல்லை. இரண்டு பட்டியல்களில் இந்த இரண்டாவதுதான் உங்களைக் காப்பாற்றும். ஆர்வம் மிகுந்த ஒரு மாலையில் அட்டைப்படத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பகுதியை எழுதத் தொடங்கிவிட்டு, பட்டியலே இன்னும் வேலை செய்யாத நிலையில் நின்றுபோவதுதான் இத்தகைய திட்டங்களின் வழக்கமான முடிவு.

1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் இணையச் செய்திக்குழுவில் அறிவித்தார். அது வெறும் பொழுதுபோக்கு என்றும், தம்மிடம் இருப்பது ஏடி வகை வன்தட்டு மட்டுமே என்பதால் வேறெந்த வன்தட்டையும் அது ஒருபோதும் ஆதரிக்காமல் போகலாம் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். அதுதான் பின்னர் லினக்ஸ் ஆனது. தன் கணினியில் இயங்கினால் போதும் என்ற எல்லையோடு ஓர் இயங்குதளமே தொடங்கப்பட்டிருக்கும்போது, நம் சிறு நிரலுக்கு அதே எல்லையை வைத்துக்கொள்ள எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

படி 3: அறிந்த கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள்

புதிய மொழியைக் கற்பது ஒரு நோக்கம். பயன்படும் மென்பொருளை முடிப்பது வேறொரு நோக்கம். முதல் திட்டத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கற்பதுதான் நோக்கம் என்றால் நிரல் முடியாமல் போனாலும் இழப்பில்லை. முடிப்பதுதான் நோக்கம் என்றால், ஏற்கெனவே கைவந்த மொழியில் எழுதுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக்குப் பைத்தானும் எஸ்கியூலைட்டும் போதும். ரிச்சர்ட் ஹிப் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியான எஸ்கியூலைட், தனியாக ஒரு சர்வரை இயக்கத் தேவையில்லாத தரவுத்தளம். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். அதைப் பயன்படுத்துவதற்கான தொகுதி, 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. வெளியிலிருந்து நிறுவும் தொகுதிகள் குறைவாக இருப்பதன் அருமை, அரையாண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும்போது புரியும்: மொழியோடு வரும் நூலகத்தை மட்டும் நம்பிய நிரல் பெரும்பாலும் அப்படியே இயங்கும், பத்துத் தொகுதிகளை நம்பிய நிரலில், கிடைத்த ஒரு மணி நேரமும் பதிப்பு முரண்பாடுகளைத் தீர்ப்பதிலேயே போய்விடும்.

படி 4: முதல் வரியிலிருந்தே கிட்

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமித்துவைக்கும் கருவி. ஒரு கோப்புறையை உருவாக்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் அதற்குள் சென்று ‘கிட் இனிட்’ (git init) என்ற கட்டளையை இயக்குங்கள். வேலை செய்யும் நிலையை எட்டும்போதெல்லாம் ஒரு கமிட் செய்யுங்கள், அதாவது அந்த நிலையைக் கிட்டில் பதிந்துவையுங்கள். கமிட்டோடு எழுதும் குறிப்பில், என்ன மாறியது என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். என்ன மாறியது என்பதைக் கிட்டே காட்டிவிடும், காரணத்தை அதனால் காட்ட முடியாது. தரவுத்தளக் கோப்பின் பெயரை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘கிட்இக்னோர்’ (.gitignore) கோப்பில் சேர்த்துவிடுங்கள். அதில் உங்கள் நண்பர்களின் பெயர்கள் இருக்கும். நிரலைப் பின்னொரு நாள் வெளியிட்டாலும் அவை வெளியே போகக் கூடாது.

கிட்டும் இங்கே கவனிக்கத் தக்க ஒரு முன்மாதிரி. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலின் மேம்பாட்டுக்காக 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கப்பட்ட அது, சில நாட்களுக்குள்ளாகவே தன் சொந்த மூலநிரலைத் தானே பராமரிக்கும் நிலைக்கு வந்தது. எழுதுபவரே உடனடியாகப் பயன்படுத்தத் தொடங்கும் அந்த நிலையை நாமும் விரைவில் எட்ட வேண்டும்.

படி 5: ஒரே ஒரு கட்டளையை முழுமையாக முடியுங்கள்

தொடக்கநிலையில் பலர் தரவுத்தளம் முழுவதையும் வடிவமைத்து, பிறகு எல்லாச் சார்புகளையும் எழுதி, கடைசியில் திரையில் காட்டும் பகுதிக்கு வருகிறார்கள். அந்த முறையில் கடைசிப் பகுதி முடியும்வரை பயன்படுத்த எதுவும் இருக்காது. நடுவில் இடைவெளி விழுந்தால் கையில் மிஞ்சுவது பாதி நிரல்தான். ஆகவே ‘கொடு’ என்ற ஒரே கட்டளையை, தட்டச்சு செய்வதிலிருந்து கோப்பில் பதிவாவது வரை முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

அட்டவணைக்கு ஐந்து நெடுவரிசைகள் தேவை: வரிசை எண், தலைப்பு, வாங்கியவர், கொடுத்த நாள், திரும்பிய நாள். திரும்பிய நாள் காலியாக இருந்தால் புத்தகம் இன்னும் வரவில்லை என்று பொருள்; எனவே ‘நிலை’ என்று இன்னொரு நெடுவரிசை வேண்டாம். ஒரே உண்மையை இரண்டு இடங்களில் எழுதிவைத்தால், ஏதோ ஒரு நாளில் அவை ஒன்றோடொன்று முரண்படும். எஸ்கியூலைட்டில் தேதிக்கெனத் தனித் தரவு வகை கிடையாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-03-09 என்பதுபோல் உரையாகச் சேமித்தால், உரையாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை பிசகாது. அட்டவணையை உருவாக்கும் கட்டளையில் ‘ஏற்கெனவே இல்லையெனில்’ என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதை அச்சமின்றி இயக்கலாம்.

தரவுத்தளக் கோப்பின் முழு முகவரியைத் தர மறவாதீர்கள். பெயரை மட்டும் கொடுத்தால், நிரலை எந்தக் கோப்புறையிலிருந்து இயக்குகிறீர்களோ அங்கே அது தேடப்படும். கோப்பு அங்கே இல்லையென்றால், எந்தப் பிழையும் காட்டாமல் காலியான புதிய கோப்பு உருவாகிவிடும். நேற்று சேர்த்த பதிவுகளைக் காணவில்லை என்று திகைப்பவர்களின் தரவு, பெரும்பாலும் வேறொரு கோப்புறையில் பத்திரமாக இருக்கும். பாத்லிப் தொகுதி தரும் பயனர் கோப்புறையின் முகவரியோடு கோப்பின் பெயரை இணைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

கட்டளையில் தரப்படும் தலைப்பையும் பெயரையும் பிரித்தெடுக்க ஆர்க்பார்ஸ் தொகுதி உள்ளது. பிரித்தெடுத்த மதிப்புகளை, அட்டவணையில் வரி சேர்க்கும் இன்செர்ட் கட்டளையின் உரையோடு நேரடியாக ஒட்டாதீர்கள். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி இட்டு, மதிப்புகளைத் தனியாக அனுப்புங்கள். ஒட்டி எழுதினால், தலைப்பில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வந்தாலே கட்டளை குலைந்துவிடும்; வலைத்தளங்களில், தரவுத்தளக் கட்டளைக்குள் தீய கட்டளையை நுழைக்கும் எஸ்கியூஎல் ஊடுருவல் தாக்குதல் நடப்பதும் இதே ஓட்டையின் வழியாகத்தான். சேர்த்து முடித்ததும் தரவுத்தள இணைப்பின் கமிட் சார்பை அழையுங்கள். இயல்பான அமைப்பில், அதை அழைக்காமல் நிரல் முடிந்தால் சேர்த்த வரி கோப்பில் தங்காது. இது கிட்டின் கமிட்டோடு பெயரில் மட்டுமே ஒத்தது.

தலைப்புகளைத் தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறி, யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் ஆகிய இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நிரலுக்கோ அவை இரண்டு வெவ்வேறு உரைகள், ஆகவே தேடினால் கிடைக்காது. யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் சார்பைக் கொண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை, இத்தகைய உயிர்க்குறியை ஒரே குறியீடாக எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

‘கொடு’ முடிந்ததும் இரண்டு உண்மையான புத்தகங்களைப் பதிவு செய்து பாருங்கள். ‘பட்டியல்’, ‘திரும்பியது’ என்ற மற்ற இரண்டு கட்டளைகளும் இதே பாதையில் எளிதாக வந்துவிடும்.

படி 6: எழுந்திருக்கும் முன் எழுதிவையுங்கள்

இந்த வரிசையில் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள் என்பேன். ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்தும் முன், கடைசிச் சில நிமிடங்களை ‘அடுத்து’ என்ற கோப்புக்கு ஒதுக்குங்கள். ‘பட்டியலைச் சரிசெய்ய வேண்டும்’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘திரும்பியது கட்டளைக்கு இல்லாத எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடுகிறது, மாறிய வரிகளின் எண்ணிக்கை சுழியமா என்று பார்த்துச் செய்தி காட்ட வேண்டும்’ என்று எழுதினால், எத்தனை நாள் கழித்து வந்தாலும் நேரே அந்த வரிக்குச் செல்லலாம்.

அதைவிடவும் உறுதியான குறிப்பு, தோல்வியடையும் ஒரு சோதனை. எஸ்கியூலைட்டில் கோப்பே இல்லாமல், நினைவகத்தில் மட்டும் தற்காலிகத் தரவுத்தளத்தை உருவாக்க முடியும் என்பதால், உண்மையான பதிவுகளைத் தொடாமல் சோதனை எழுதலாம். இல்லாத எண்ணைத் தந்து, பிழைச் செய்தி வருகிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதிவிட்டு எழுந்து செல்லுங்கள். திரும்பி வந்து சோதனைகளை இயக்கியதும், எங்கே விட்டீர்கள் என்பதை நிரலே சொல்லும்.

படி 7: பயன்படுத்தி, பிறகு மாற்றுங்கள்

மூன்று கட்டளைகளும் வேலை செய்ததும் புதிதாக எதையும் சேர்க்காமல் சில வாரங்கள் பயன்படுத்துங்கள். எழுதும்போது இன்றியமையாதவை என்று தோன்றிய பல வசதிகள் அப்போது நினைவுக்கே வாரா. எதிர்பாராத ஒன்று ஒவ்வொரு நாளும் உறுத்தும். உறுத்துவதை மட்டும் சரிசெய்யுங்கள்.

‘குறிப்பு’ என்ற புதிய நெடுவரிசை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய தரவுத்தளத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முடியாது, ஏனெனில் அதில் உண்மையான பதிவுகள் இருக்கின்றன. எஸ்கியூலைட் கோப்பு ஒவ்வொன்றிலும் ‘யூசர் வெர்ஷன்’ என்ற எண் ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது சுழியம். நிரல் தொடங்கும்போது அந்த எண்ணைப் படித்து, அது சுழியமாக இருந்தால் ஆல்டர் டேபிள் கட்டளையால் நெடுவரிசையைச் சேர்த்து, எண்ணை 1 ஆக உயர்த்துங்கள். அடுத்த மாற்றத்துக்கு 2. பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களும் தரவுத்தள அமைப்பை ஏறக்குறைய இதே முறையில்தான் மாற்றுகின்றன.

மாற்றும் முன் நகல் எடுங்கள். பைத்தான் 3.7 முதல், தரவுத்தள இணைப்பிலேயே அதற்கெனப் பேக்கப் என்ற சார்பு இருக்கிறது. நகலை வேறொரு வட்டில் வையுங்கள். அதிலிருந்து பட்டியல் சரியாக வருகிறதா என்று ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

படி 8: வெளியிட விரும்பினால்

வெளியிடுவது கட்டாயமில்லை. உங்களுக்கு மட்டும் பயன்படும் மென்பொருளும் முழுமையான மென்பொருள்தான். வெளியிடுவதாக இருந்தால், முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியவற்றுக்கும் நிறுவனம் உரிமை கோரும் விதி சில ஒப்பந்தங்களில் உண்டு. அலுவலகக் கணினியில் எழுதாமல் இருப்பது எப்போதும் பாதுகாப்பானது.

அடுத்து, கடவுச்சொல், ஏபிஐ சாவி (பிற இணையச் சேவைகளை நிரல் அணுகுவதற்கான இரகசியக் குறி) போன்றவை மூலநிரலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இப்போதைய கோப்பிலிருந்து நீக்கினாலும் பழைய கமிட்டுகளில் அவை இருந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே வெளியாகிவிட்ட சாவியை அழிக்க முயல்வதைவிட, உடனே செல்லாததாக்கிப் புதிய சாவி பெறுவதுதான் சரி. பிறகு உரிமம். உரிமக் கோப்பு இல்லாத நிரலை எல்லோரும் பார்க்க முடிந்தாலும், பதிப்புரிமை உங்களிடமே இருப்பதால் அதைப் பிறர் எடுத்தாள அனுமதியில்லை. யாரும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமம் பொருந்தும். மாற்றி வெளியிடுபவர்களும் தங்கள் மூலநிரலைத் திறந்தே வைக்க வேண்டும் என்றால் ஜிபிஎல் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். நிரலோடு வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில், நிரல் என்ன செய்கிறது, எப்படி இயக்குவது, எவற்றைச் செய்யாது என்பவற்றை எழுதுங்கள். இரண்டாம் படியில் எழுதிய செய்யாதவற்றின் பட்டியலை இங்கே அப்படியே எடுத்து வைக்கலாம். புதிய வசதி கேட்டு வருபவர்களுக்கு அதுவே கனிவான மறுமொழியாகவும் அமையும்.

ஒரு கட்டத்தில் இந்த நிரல் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அப்போது நிறுத்திவிடுவதில் தவறொன்றும் இல்லை, முறையாக நிறுத்துங்கள். பதிவுகள் அனைத்தையும், காற்புள்ளியால் பிரித்த உரையான சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்து, உங்கள் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். இனிப் பராமரிக்கப்படாது என்று ரீட்மீயின் முதல் வரியில் எழுதுங்கள். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் நிரலை வைத்திருந்தால், களஞ்சியத்தை ஆர்க்கைவ் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். மூலநிரல் படிப்பதற்கு மட்டும் திறந்திருக்கும், வேண்டுபவர்கள் நகலெடுத்துத் தொடரலாம்.